மட்கலமும் தராசு நாவும்



பள்ளிக்கூடங்களிலே நாள்தோறும் வழங்குகின்ற ஆங்கிலச் சொற்களுள் கேட்டவுடனே அச்சத்தைத் தருவன சில உண்டு. டெஸ்ட் என்கிறோம், எக்ஸாமினேஷன் என்கிறோம், இன்ஸ்பெக்‌ஷன் என்கிறோம். முதலிரண்டையும் கேட்டு மாணாக்கர் அஞ்சுவர். மூன்றாவதைக் கேட்டு ஆசிரியர் அஞ்சுவர். இவையனைத்தும் ஏறக்குறைய ஒரே பொருளைத் தருவன என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அதனினும் பெரிய பிழை ஒன்றையும் செய்தேன். அப்பிழையைச் சொல்லிய பிறகே மேலே செல்வது முறையாகும்.

ஆசிரியப் பயிற்சி முடித்து ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கிய புதிதில், சொற்களைக் குடும்பம் குடும்பமாகக் கற்பிக்க வேண்டும் என்னும் ஆர்வம் எனக்கு மிகுதியாக இருந்தது. ஒருநாள் கரும்பலகையிலே ஒரு மரம் வரைந்தேன். அடிமரத்தில் டெஸ்ட் என்று எழுதினேன். கிளைகளில் அட்டெஸ்ட், கான்டெஸ்ட், புரொடெஸ்ட், டெஸ்டமென்ட், டெஸ்டிமனி என்னும் சொற்களை எழுதினேன். எல்லாவற்றிலும் டெஸ்ட் என்னும் ஒலி இருக்கின்றதல்லவா? முன்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, டெஸ்டிமனி என்றால் சாட்சி சொல்லுதல் என்றீர்கள். சாட்சி சொல்வதற்கும் பரீட்சை எழுதுவதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டான். நல்ல கேள்வி. எனக்கு விடை தெரியாது. ஆனால், இளம் ஆசிரியனுக்குத் தெரியாது என்று சொல்ல நா எழுவதில்லை. "பரீட்சை என்பது மாணவன் தன் அறிவைப் பற்றித் தானே சொல்லுகின்ற சாட்சி" என்று விடையிறுத்தேன். வகுப்பு மகிழ்ந்தது. அவன் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அமர்ந்தான். சொன்ன எனக்கே அது மிக அழகாகத் தோன்றியதனால், அதற்குப் பின் வந்த பல வகுப்புகளிலும் அதனையே சொல்லி வந்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, நூலகம் ஒன்றிலே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைப் புரட்டும் வாய்ப்புக் கிடைத்தபோதுதான், அந்த மரம் முழுதும் பொய் மரம் என்று தெரிந்தது. என்னிடம் அன்று பயின்றவர்களில் ஒருவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்காகவே முதலில் டெஸ்ட் என்னும் சொல்லின் உண்மைப் பிறப்பைச் சொல்லுகிறேன்.

டெஸ்ட் என்பது முதன்முதலில் ஒரு செயலின் பெயரன்று. ஒரு பாத்திரத்தின் பெயர். இலத்தீன் மொழியில் டெஸ்டும் என்றால் சுட்ட மண்ணாலாகிய கலம். டெஸ்டா என்றால் மட்பாண்டம், ஓடு. அச்சொல் பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தபோது, பொன்னையும் வெள்ளியையும் புடமிட்டு மாற்றுப் பார்ப்போர் கையாண்ட சிறு கலத்தைக் குறித்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சாசர் என்னும் ஆங்கிலக் கவிஞர் தம் கான்டர்பரி கதைகளுள் ஒன்றில் இரசவாதி ஒருவனுடைய தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கிச் சொல்லுகிறார். அவற்றிடையே டெஸ்டும் ஒன்றாகக் கிடக்கிறது.

அந்தக் கலத்தில் நடப்பது யாது? கலப்புள்ள வெள்ளியை எடுத்து அதனோடு ஈயத்தைச் சேர்த்து, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் இட்டுக் கடுமையாகக் காய்ச்சுவர். ஈயம் காற்றோடு கூடி வேறொரு பொருளாக மாறும். செம்பு முதலிய கீழ் உலோகங்களையும் அது தன்னோடு இழுத்துக்கொள்ளும். அவ்வாறு உருகிய கசட்டைக் கிண்ணத்தின் சாம்பல் தண்ணீரை மணல் உறிஞ்சுவது போல உறிஞ்சிவிடும். இறுதியில் கிண்ணத்தின் நடுவே பளபளவென்று ஒரு சிறு மணி மட்டும் எஞ்சி நிற்கும். அதுவே தூய வெள்ளி. முன்னே எடுத்த எடையையும் பின்னே நின்ற எடையையும் ஒப்பிட்டால் அப்பொருளில் வெள்ளி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்பது விளங்கிவிடும். பொன்னும் வெள்ளியும் சேர்ந்து எஞ்சுமாயின், பின்னர் நைட்ரிக் அமிலத்திலிட்டு அவ்விரண்டையும் பிரிப்பர். வெள்ளி கரையும், பொன் நிற்கும்.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். இம்முறையிலே பொன்னுக்கு யாதொரு கேடும் நேர்வதில்லை. போவதெல்லாம் பொன்னல்லாதது. நம்முடைய சோதனை என்னும் சொல்லும் இத்தகையதே. அது வடமொழியில் சோதனம் என்பதன் வழி வந்தது. அதன் முதற்பொருள் தூய்மை செய்தல். ஆங்கிலேயனும் நம்மவனும் ஒருவரையொருவர் கண்டறியாத காலத்திலேயே உலைக்களத்தருகே நின்று ஒரே எண்ணத்தை எண்ணியிருக்கிறார்கள்.

மட்கலத்தின் பெயர் மாந்தர்க்கு எப்போது ஏறியது? ஷேக்ஸ்பியர் காலத்தில் அதனைக் காண்கிறோம். மெஷர் ஃபார் மெஷர் என்னும் நாடகத்திலே நகரத்தை விட்டுச் செல்லும் கோமகன் தன் அதிகாரத்தை ஆஞ்செலோ என்பவனிடம் ஒப்படைக்கிறான். அப்போது ஆஞ்செலோ, தன்னை நாணயமாக அச்சடிப்பதற்கு முன்பு தன் உலோகத்தை இன்னும் சற்று டெஸ்ட் செய்து பார்க்கலாமே என்னும் கருத்துப்படப் பேசுகிறான். ஏஞ்சல் என்பது அந்நாளில் இங்கிலாந்தில் வழங்கிய பொன் நாணயம் ஒன்றின் பெயர். அவன் பெயரிலேயே அந்நாணயம் ஒலிக்கிறது! நாடகம் வளர வளர அவனிடம் கலப்பு எவ்வளவு என்பது வெளிப்பட்டுவிடுகிறது. இங்கே டெஸ்ட் உலோகத்திலிருந்து உள்ளத்திற்கு மாறுவதைக் கண்ணாரக் காணலாம். 1673ஆம் ஆண்டில் இச்சொல் சட்டத்திலும் புகுந்தது. அரசுப் பதவி ஏற்பவர் இங்கிலாந்துத் திருச்சபையின் முறைப்படி நற்கருணை பெற்று உறுதிமொழி கூற வேண்டும் என்று விதித்த சட்டத்திற்கு டெஸ்ட் ஆக்ட் என்று பெயர். அது 1828 வரையில் நின்றது. கிரிக்கெட்டு ஆட்டத்திற்கு இச்சொல் வந்தது 1861-62ஆம் ஆண்டுகளில், ஆங்கில அணி முதன்முறையாக ஆஸ்திரேலியாவிற்குச் சென்று ஆடிய காலத்தில். முதல் டெஸ்ட் என்று இன்று எண்ணப்படுவது 1877இல் மெல்போர்ன் நகரில் நடந்தது.

டெஸ்டா என்னும் மட்பாண்டச் சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியிலே வேறொரு கதி நேர்ந்தது. அங்கே அது தலையைக் குறிக்கும் தெத் என்னும் சொல்லாயிற்று. பாமர மக்கள் தலையைப் பானை என்று விளையாட்டாகச் சொல்லப் போய், அதுவே நிலைத்துவிட்டது. இதனைக் கேட்டு நாம் வியக்க வேண்டுவதில்லை. மண்டை என்பது நம் பழந்தமிழில் உண்கலம். இரவலர் ஏந்திய கலம். இன்று அது தலை. ஓடு என்பது உடைந்த பானையின் துண்டும் ஆகும், மண்டையோடும் ஆகும்.

இனி, என் பொய் மரத்தின் கிளைகளுக்கு வருவோம். அட்டெஸ்ட், கான்டெஸ்ட், புரொடெஸ்ட், டெஸ்டமென்ட், டெஸ்டிமனி ஆகிய இவை யாவும் டெஸ்டிஸ் என்னும் வேறோர் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல்கள். டெஸ்டிஸ் என்றால் சாட்சி. இருவர் வழக்கிடும்போது அருகே நிற்கின்ற மூன்றாமவன் என்பதே அதன் அடிப்பொருள் என்பர் மொழிநூலார். நம் சாட்சி என்னும் வடசொல்லோ கண்ணை அடியாகக் கொண்டது. கண்ணாற் கண்டவன் என்பது கருத்து. நம் சான்றிதழ்களின் படியிலே அதிகாரி கையெழுத்திட்டு அட்டெஸ்ட் செய்தபோது, அவர் எதனையும் டெஸ்ட் செய்யவில்லை. மூன்றாமவராக நின்று சாட்சி சொன்னார். உயில் எழுதுவதற்கு டெஸ்டமென்ட் என்று பெயர் வந்ததும் சாட்சிகளின் முன்னே எழுதப்பட்டதனாலேதான். ஆகவே மட்கலத்திற்கும் சாட்சிக்கும் உறவில்லை. பரீட்சை என்பது மாணவன் சொல்லும் சாட்சி என்று நான் சொன்ன அழகிய வாக்கியம் செல்லாக் காசு. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டவர்கள் அருள்கூர்ந்து அடித்துவிடுக.

அடுத்தது எக்ஸாமின். இதன் கதை இன்னும் சுவையுடையது. இலத்தீனில் எக்ஸாமென் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கூட்டைவிட்டுப் புறப்பட்டுப் பறக்கும் தேனீக் கூட்டம். மற்றொன்று, தராசின் நா. தேனீக்கும் தராசிற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். எக்ஸ் என்றால் வெளியே. அகெரெ என்றால் ஓட்டுதல், செலுத்துதல். வெளியே ஓட்டப்பட்டது தேனீக் கூட்டம். அவ்விரண்டும் கூடிய வினைக்கு வெளியே செலுத்துதல் என்பதோடு, எடையிட்டு அளவைத் தீர்த்தல் என்னும் பொருளும் உண்டு. எனவே எடையைக் காட்டித் தரும் நாவும் எக்ஸாமென் ஆயிற்று. அந்த நாவின் அசைவை நோக்கி எடை காண்பதே எக்ஸாமின் செய்வது. நாமும் ஒன்றை நன்கு ஆராய்வதைச் சீர்தூக்குதல் என்கிறோம். சரிநுட்பமான என்னும் பொருளுடைய எக்ஸாக்ட் என்னும் சொல்லும் இவ்வினையிலிருந்தே பிறந்தது.

ஆக, எக்ஸாமினேஷனில் உலை இல்லை, தீ இல்லை. தூய்மை செய்யும் வேலையும் அதற்கில்லை. உள்ளது உள்ளபடியே எவ்வளவு என்று சொல்லுவதோடு அதன் கடமை தீர்கிறது. ஆனால் ஒரு தட்டில் சரக்கு இருந்தால் மறு தட்டில் படிக்கல் இருக்க வேண்டும்; பிடிக்கிற கை நடுங்காதிருக்கவும் வேண்டும். டெஸ்ட் என்னும் சொல்லைக் கேட்கையில் நம் எண்ணம் சோதிக்கப்படும் பொருளின்மீது செல்லுகிறது. எக்ஸாமின் என்னும் சொல்லைக் கேட்கையில் கருவியின்மீதும் அதனைப் பிடித்தவன்மீதும் செல்ல வேண்டும்.

இதே தராசிலிருந்து பிறந்த மற்றொரு சொல்லைக் கேட்டால் மாணாக்கர் வியப்புறுவர். தேர்விலே கட்டுரை எழுதச் சொல்லுகிறோமே, அந்த எஸ்ஸே என்னும் சொல்தான் அது. பிற்கால இலத்தீனில் எக்ஸாகியும் என்றால் எடையிடுதல். அது பிரெஞ்சு மொழியில் எஸ்ஸே என்றும் அஸ்ஸே என்றும் இருவகையாகத் திரிந்தது. அஸ்ஸே என்பது ஆங்கிலத்தில் பொன் வெள்ளியின் மாற்றுப் பார்த்தலுக்குப் பெயராயிற்று. எஸ்ஸே என்பது முயன்று பார்த்தல் என்னும் பொருளில் நின்றது. 1580ஆம் ஆண்டில் மான்டேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் தம் உரைநடைப் பகுதிகளைத் தொகுத்து அப்பெயரிட்டு வெளியிட்டார். தம் கருத்துகளை முடிந்த முடிபுகளாக அவர் சொல்லவில்லை. தம்மையே தராசிலிட்டு நிறுத்துப் பார்க்கும் முயற்சிகளாகவே சொன்னார். தராசொன்றையே தமக்குரிய சின்னமாகவும் கொண்டிருந்தார். 1597இல் பேக்கன் தம் நூலுக்கு அப்பெயரையே சூட்டி ஆங்கிலத்திற்குக் கொணர்ந்தார். தேர்வறையிலே எழுதும் கட்டுரைக்கு முப்பது நிமிடமும் மூன்று பக்கமும் விதித்து, பிழைக்கு ஒரு மதிப்பெண் குறைக்கும் நாம், அதன் பெயருக்கு முயன்று பார்த்தல் என்று பொருள் என்பதை மாணாக்கர்க்குச் சொல்லியிருக்கலாம்.

படிக்கல்லைப் பற்றிச் சொன்னேன். இங்கே ஓர் உண்மை வரலாற்றைக் கூறுவது பொருத்தமாகும். இலண்டன் மாநகரிலே பொற்கொல்லர் சங்க மண்டபத்தில் ஆண்டுதோறும் ஒரு விசாரணை நடைபெறுகிறது. டிரையல் ஆஃப் தி பிக்ஸ் என்று அதற்குப் பெயர். பிக்ஸ் என்றால் பெட்டி. அரசின் நாணயச்சாலையில் அடிக்கப்படும் காசுகளில் சிலவற்றை அவ்வப்போது எடுத்துப் பெட்டியிலிட்டு வைப்பர். பின்னர் அவற்றின் எடையையும் மாற்றையும் சங்கத்தைச் சேர்ந்த ஜூரிகள் பார்த்துத் தீர்ப்புக் கூறுவர். உயர்நீதிமன்ற அதிகாரி ஒருவர் தலைமை வகிப்பார். 13ஆம் நூற்றாண்டு முதலாக நடந்துவரும் இவ்வழக்கத்திலே டெஸ்ட், அஸ்ஸே, டிரையல், எக்ஸாமின் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ்க் கூடுகின்றன.

ஐசக் நியூட்டன் இந்நாணயச்சாலையின் தலைவராக இருந்தவர் என்பதைப் பலர் அறியார். அவருடைய தலைமையில் அடிக்கப்பட்ட பொற்காசுகள் 1710ஆம் ஆண்டு விசாரணையில் மாற்றுச் சற்றுக் குறைந்தவை என்று ஜூரிகளால் தீர்க்கப்பட்டன. உலகம் போற்றும் அறிஞர், கணக்கிலே மயிரிழையும் பிசகாதவர். அவருக்கா இந்தப் பழி! அவர் வாளாவிருக்கவில்லை. ஒப்பிடுவதற்கென்று ஜூரிகள் வைத்திருந்த மாதிரித் தகடு 1707ஆம் ஆண்டில் புதிதாகச் செய்யப்பட்டது. அத்தகட்டையே அவர் சோதனைக்கு உட்படுத்தினார். சட்டம் விதித்த மாற்றைக் காட்டிலும் அத்தகடு சற்றுக் கூடுதலான தூய்மை உடையதாக இருப்பது வெளிப்பட்டது. காசில் குறையில்லை, உரைகல்லிலேதான் குறை. புதுத்தகடு ஒதுக்கப்பட்டு, 1688ஆம் ஆண்டுத் தகடே மீண்டும் அளவாயிற்று. நியூட்டனுக்குத் தகட்டைச் சோதிக்கும் வன்மை இருந்தது. கேள்வித்தாள் ஒன்று பிழையாக அமைந்துவிட்டால், பதினைந்து வயதுப் பையனுக்கு அதனைச் சோதிக்கும் வன்மை ஏது? கேள்வித்தாள் குறித்த ஆண்டுகளில் இந்நிகழ்ச்சி எனக்குத் தெரிந்திருந்தால், சில விடைத்தாள்களைத் திருப்பித் தருமுன் இன்னொரு முறை பார்த்திருப்பேன்.

இன்ஸ்பெக்ட் என்னும் சொல் எளிது. இன் என்றால் உள்ளே. ஸ்பெசெரெ என்றால் நோக்குதல். உள்நோக்குதல் என்பது நேர்பொருள். இந்த நோக்குதலின் பிள்ளைகள் பலர். திரும்பி நோக்குவது ரெஸ்பெக்ட், அது மதிப்பு. கீழிருந்து நோக்குவது சஸ்பெக்ட்; அது ஐயம். மூக்குக்கண்ணாடியும் இக்குடும்பம்; வேடிக்கை பார்ப்பவரும் இக்குடும்பம். நம் பரீட்சை என்னும் சொல்லும் உண்மையில் இச்சொல்லுக்கே இணையாகும். பரி என்றால் சுற்றிலும். ஈட்ச என்றால் நோக்குதல். சுற்றிச் சுற்றி நோக்குவதே பரீட்சை. எடை போடுதல் அதிலே இல்லை.

நோக்குவதற்கும் நிறுப்பதற்கும் உள்ள வேற்றுமை வெறும் சொல் வேற்றுமை என்று எண்ணிவிடலாகாது. இங்கிலாந்திலே அது பிள்ளைகளின் வாழ்வைத் தொட்டது. அங்கே அரசின் பள்ளி இன்ஸ்பெக்டர்கள் முதன்முதலில் 1839இல் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குத் தரப்பட்ட கட்டளையிலே, இன்ஸ்பெக்‌ஷன் என்பது பள்ளிக்கு உதவும் பொருட்டேயன்றி அடக்கியாளும் பொருட்டன்று என்னும் கருத்துத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. பள்ளிக்குச் சென்று, பார்த்து, ஆசிரியரோடு பேசி, நல்லதைச் சொல்லி வருவது அவர்களின் வேலை. 1862ஆம் ஆண்டில் ராபர்ட் லோ என்பார் கொணர்ந்த புதிய விதிகள் இதனைத் தலைகீழாக்கின. படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு குழந்தையையும் இன்ஸ்பெக்டரே தேர்வு செய்ய வேண்டும். குழந்தை தவறும் ஒவ்வொரு பாடத்திற்கும் பள்ளிக்குரிய மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறைக்கப்படும். பயனுக்கேற்ற பணம் என்னும் முறை இது. பெயரளவில் அவர் இன்ஸ்பெக்டர்; கையிலே தராசு வந்துவிட்டது.

அவ்வினத்து இன்ஸ்பெக்டர்களுள் ஒருவர் மாத்யூ ஆர்னால்ட் என்னும் பெருங்கவிஞர். 1851 முதல் 1886 வரையில், முப்பத்தைந்து ஆண்டுகள், ஊர் ஊராகச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டவர். தாம் ஊதியம் பெறும் அரசின் விதிகளையே அவர் எதிர்த்து எழுதினார். சாமர்த்தியமாகப் பழக்கிவிட்டால், உண்மையிலே படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் அறியாத பிள்ளைகளைக்கூட இத்தேர்வில் தேறச் செய்துவிடலாம் என்று தம் அறிக்கையிலே சுட்டிக்காட்டினார். அம்முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அங்கே ஒழிந்தது. சென்னை மாகாணத்துப் பள்ளிகளும் சில காலம் அதனைப் பின்பற்றின. ஆசிரியர்கள் இன்ஸ்பெக்‌ஷன் என்றவுடன் அஞ்சுவதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மேற்கூரை ஒழுகுவதைக் காட்டி உதவி கேட்க வேண்டிய நாளிலே, பதிவேடுகளை மட்டும் அடுக்கி வைத்துவிட்டு ஒழுகும் வகுப்பறையைப் பூட்டி வைத்த தலைமையாசிரியர்களை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

கண்ணை விட்டுக் காதுக்கு வருவோம். ஆடிட் என்றால் கேட்டல். எழுத்தறிந்தோர் அரியராக இருந்த காலத்திலே கணக்கை வாய்விட்டுப் படிக்க, உடையவர் கேட்டு ஒப்புக்கொள்வார். கேட்பவர் ஆடிட்டர். இன்று ஆடிட்டர் அலுவலகத்தில் வாய்விட்டுப் படித்தால் அமைதியாக இருக்கச் சொல்லுவார்கள்.

இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் ஆங்கிலப் பதவிப் பெயர் கம்ப்ட்ரோலர் என்று தொடங்குகிறது. இச்சொல்லை எழுதுவது ஒருவிதம். கன்ட்ரோலர் என்று ஒலிப்பதே பழைய முறை. ஏன் இந்த முரண்பாடு? கான்ட்ரா என்றால் எதிர். ரோட்டுலஸ் என்றால் சுருள். மூலக் கணக்குச் சுருளோடு ஒத்துப் பார்ப்பதற்காக வைக்கும் எதிர்ச்சுருளே கன்ட்ரோல். அதனைக் காப்பவர் கன்ட்ரோலர். இடைக்காலத்திலே எழுத்தர் சிலர், இது கணக்கு என்னும் பொருளுடைய கோந்த் என்னும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று எண்ணி, அதற்கேற்ப எழுத்தைத் திருத்திவிட்டார்கள். ஒலி ஒத்திருந்தது, பொருளும் ஒத்திருந்தது, உறவுதான் இல்லை. அவர்கள் செய்த பிழை நம் அரசியலமைப்புச் சட்டத்தில் இன்றும் அச்சாகி நிற்கிறது. என் கரும்பலகை மரமாவது மறுநாளே அழிக்கப்பட்டது!

செக் என்னும் சொல் நம்மிடமிருந்து புறப்பட்டு நம்மிடமே வந்த விருந்தாளி என்று சொல்லலாம். இந்தியாவின் சதுரங்கம் பாரசீகம் சென்றது. அங்கே எதிரியின் அரசனைத் தாக்கும்போது, அரசன் என்னும் பொருள்பட ஷா என்று எச்சரிப்பர். அது அரபு மொழியின் வழியாகப் பிரெஞ்சு மொழிக்குச் சென்று, ஆங்கிலத்திலே செக் ஆயிற்று. ஆட்டத்திலே அரசனைத் தடுப்பது செக். பின்னர் எதனையும் தடுப்பது செக். தவறு நேராமல் தடுக்கும் பொருட்டு ஒத்துப் பார்ப்பதும் செக். சதுரங்கப் பலகைபோலக் கட்டமிட்ட துணியை விரித்த மேசையிலே வில்லைகளை நகர்த்தி இங்கிலாந்தின் அரசிறைக் கணக்கைப் பார்த்தனர். அம்மேசை பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உடையது என்று 12ஆம் நூற்றாண்டு நூலொன்று விவரிக்கிறது. அதனாலே அவ்வலுவலகத்திற்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். வங்கிக் காசோலைக்கும் இப்பெயர் வந்தது, மோசடியைத் தடுப்பதற்காக வைத்துக்கொள்ளும் அடிக்கட்டையினாலே. இரயில் வண்டியிலே சீட்டைக் கேட்பவரை நாம் செக்கர் என்று அழைக்கும்போது, பாரசீக மன்னர் ஒருவரைத்தான் அழைக்கிறோம்.

இன்னும் சில சொற்களை விரைந்து கூறிவிடுகிறேன். ஸ்குரூட்டினி என்பதன் அடியிலே கிடப்பது ஸ்குரூட்டா என்னும் சொல். அதற்குக் கந்தலும் குப்பையும் என்று பொருள். குப்பையைக் கிளறித் தேடுவதே ஸ்குரூட்டினி. வேட்பு மனுக்களைப் பரிசீலிப்பதற்கு இச்சொல்லைக் கையாளுகிறார்கள். புரூவ் என்பதும் புரூஃப் என்பதும் நல்லது என்னும் பொருளுடைய புரோபுஸ் என்பதிலிருந்து வந்தவை. நல்லதுதானா என்று பார்த்தல் என்பதே பழம்பொருள். பணியாரத்தின் புரூஃப் அதனைத் தின்பதில் இருக்கிறது என்னும் ஆங்கிலப் பழமொழியில் அப்பொருளே நிற்கிறது. அச்சகத்தில் முதலில் எடுத்துப் பார்க்கும் தாளுக்குப் புரூஃப் என்று பெயர் வந்ததும் அதனாலேதான். சாராயத்தின் வலிமையை அறிய அதனைத் துப்பாக்கி மருந்தின்மீது ஊற்றிக் கொளுத்திப் பார்த்தார்கள். மருந்து பற்றிக்கொண்டால் அது புரூஃப் ஆன சாராயம். புதிதாக வேலையிற் சேர்ந்தவரைப் புரோபேஷனில் வைப்பதும் இக்குடும்பத்து வழக்கமே; துப்பாக்கி மருந்துதான் இல்லை. டிரை என்னும் சொல் பொறுக்கி எடுத்தல் என்னும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. வழக்கு விசாரணையாகிய டிரையல் என்பது மெய்யைப் பொய்யிலிருந்து பொறுக்கி எடுப்பது. நம்முடைய ஆய்தல் என்னும் சொல்லை இதற்கு ஒப்பிடலாம். வீட்டிலே கீரை ஆய்கின்றார்கள் அல்லவா? அழுகலையும் புல்லையும் நீக்கி நல்ல இலையைப் பொறுக்குகிற அந்த வேலையும், பல்கலைக்கழகத்து ஆய்வும் சொல்லளவிலே ஒன்றே.

கடைசியாகக் குவிஸ் என்னும் வினாடி வினா. இச்சொல்லைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1791ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து நாடகக் கொட்டகை உரிமையாளர் ஒருவர், பொருளே இல்லாத ஒரு சொல்லை இருபத்துநான்கு மணி நேரத்தில் நகரமெங்கும் பேசச் செய்வதாகப் பந்தயம் கட்டினாராம். சிறுவர்களை ஏவி இரவோடிரவாகச் சுவர்தோறும் குவிஸ் என்று சுண்ணக்கட்டியால் எழுதச் செய்தாராம். விடிந்ததும் ஊரார் அனைவரும் இதென்ன இதென்ன என்று கேட்க, பந்தயத்தில் வென்றாராம். மிக நல்ல கதை. வகுப்பிலே சொன்னால் பிள்ளைகள் கைகொட்டுவார்கள். ஆனால் ஃபேனி பர்னி என்னும் ஆங்கில எழுத்தாளரின் நாட்குறிப்பிலே 1782ஆம் ஆண்டிலேயே இச்சொல், விந்தையான மனிதர் என்னும் பொருளில் வந்துவிட்டது. பந்தயம் நடந்ததாகச் சொல்லும் ஆண்டிற்கு அது ஒன்பது ஆண்டு முந்தியது. கேள்வி கேட்டுத் தேர்வு செய்தல் என்னும் பொருள் இதற்கு ஏறியது பிறகு, 19ஆம் நூற்றாண்டிலே, அமெரிக்காவில்.

அப்படியாயின் குவிஸ் எங்கிருந்து வந்தது? அகராதிகள் பிறப்பு அறியப்படவில்லை என்றே குறிக்கின்றன. முன்வரிசையிலிருந்து அம்மாணவன் இன்று எழுந்து கேட்பானாயின், நானும் அவ்விரண்டு சொற்களையே கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்திற்குச் செல்வேன்.